செல்லப்பனுக்கு நான் மட்டும் சார்

எங்கள் இல்லத்தில் பதினான்கு கிழடுகள் இருக்கிறோம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். உலு திராமில், சிங்கப்பூர் பாலத்துக்கு இந்தப் பக்கம், ஒரு தாமானின், அதாவது குடியிருப்பின், மூலை வீடு. வாசல் பலகையில் ‘அமைதி முதியோர் இல்லம்’ என்று எழுதியிருக்கிறது. பலகை எழுதியவன் உள்ளே வந்து பார்க்கவில்லை.

சமையல், மருந்து, கத்தல் மூன்றும் இல்லத்தை நடத்தும் கஸ்தூரியின் பொறுப்பு. அரசாங்க மருத்துவமனையில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். மற்றதெல்லாம் செல்லப்பன். பதினான்கு பேரையும் எழுப்பி, குளிப்பாட்டி, துடைத்து, உடுத்தி, ஊட்டி, தூக்கி உட்காரவைத்து, மறுபடி படுக்கவைத்துத் திருப்பிப் போடுகிறவன் அவன். ஊர் அறந்தாங்கிப் பக்கம். வயது நாற்பத்தொன்று. சட்டப்படி பார்த்தால் அப்படி ஒரு ஆள் இந்த நாட்டில் இல்லவே இல்லை.

பதிமூன்று வருடத்துக்கு முன்னால் ஸ்கூடாயில் ஒரு சாப்பாட்டுக் கடை வேலைக்கு வந்தான். ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால் கடைக்குப் பூட்டு. முதலாளி, பெர்மிட், பாஸ்போர்ட் மூன்றும் ஒன்றாகக் காணாமல் போயிருந்தன. அங்கே இங்கே சுற்றி, ஒன்பது வருடத்துக்கு முன்னால் இங்கே வந்து சேர்ந்தான். காகிதம் இல்லாதவனை இங்கே ‘கோசோங்’ என்பார்கள். வெறும் ஆள் என்று அர்த்தம். லிம்மைப் போய் ஒரு தடவை கட்டிலிலிருந்து தூக்கிப் பார்த்துவிட்டு அப்புறம் சொல்லட்டும், யார் வெறும் ஆள் என்று. சீனக் கிழவர் லிம் தொண்ணூற்றிரண்டு கிலோ.

என்னைப் பற்றியும் இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். பெயர் ஹேமநாதன். சாஆ பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் முப்பத்தொரு வருடம் கிராணி, அதாவது கணக்கெழுதுகிறவன். விடிந்ததும் பெரட்டில், அதுதான் ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், வரிசையாக நிற்கிறவர்களின் பெயரைக் கூப்பிட்டு செக்ரோல் ஏட்டில் குறி போடுவது என் வேலை. பெயர் கூப்பிடும்போது இல்லாதவன், அப்புறம் வந்து பொழுது சாயும்வரை பாலுக்காக மரம் வெட்டினாலும், வேலைக்கு வராதவன்தான். அதில் நான் கடுமையாக இருந்தேன். அந்தப் பாவம் சும்மா விடவில்லை. அதே தோட்டத்தில் பால் மரம் வெட்டிய கருப்பாயி இப்போது என் எதிர் அறையில் இருக்கிறாள். எண்பத்து நான்கு வயது. நேற்றுச் சாப்பிட்டது ஞாபகம் இருக்காது, நான் எந்த மழைநாளில் அவள் பெயரை விட்டேன் என்பது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து என் வலது கையும் காலும் விழுந்தன. என் மகன் ரூபேந்திரன் சிங்கப்பூரில் பெரிய வேலை. பாலத்துக்கு அந்தப் பக்கம்தான். பாலத்தில் வாகன நெரிசல் இல்லாத நாளாகப் பார்த்து வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். அப்படி ஒரு நாள் அந்தப் பாலத்தில் இன்னும் வரவில்லை.

செல்லப்பன் எங்கள் எல்லாரையும் அம்மா, அப்பா என்றுதான் கூப்பிடுவான். அவன் ஊர்ப் பழக்கம். லிம் அவனுக்கு ‘லிம் அப்பா’. சாப்பாட்டுக் கடைக் குடும்பத்திலிருந்து வந்த சம்சாத் பேகம் ‘சம்சாத் அம்மா’. நான் இங்கே வந்த முதல் நாள், என்னைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்தபடி, “அப்பா, காலை இப்படி வைங்கப்பா” என்றான். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ.

“எனக்கு மகன் இருக்கான், சிங்கப்பூர்ல. என்னைச் சார்னு கூப்பிடு.”

“சரிங்க சார்” என்றான். அன்றிலிருந்து நான் சார். முகம் சுளிக்காமல் ஒரு நாள் விட்டு ஒரு நாள் எனக்குச் சவரம் செய்துவிடுவான். சொன்ன சொல்லை வாபஸ் வாங்கத் தெரியாத சாதி நான். அப்படியே இருந்துவிட்டது.

அவனுக்கு ஒரு மகள், ஷாமளா. விட்டுவிட்டு வந்தபோது மூன்று வயது, இப்போது பதினாறு. ஒவ்வொரு தீபாவளிக்கும் கால் அளவு கேட்டு ஒரு ஜோடி செருப்பு வாங்கி, ஊருக்குப் போகிற யாரிடமாவது கொடுத்தனுப்புவான். அது கைமாறிக் கைமாறிப் போய்ச் சேர்வதற்குள் பெண்ணின் கால் வளர்ந்திருக்கும். ஒரு ஜோடி கூடப் பொருந்தியதில்லை. போன வருடம் அந்தப் பெண் போனில் சொன்னாள், “அப்பா, இனிமே கால் வளராதாம்ப்பா. இந்த வருசம் நிச்சயமா சரியா இருக்கும்.” அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே எங்களிடம் வந்து சொன்னவன், சொல்லி முடிக்கும்போது சிரிக்கவில்லை.

போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டியதுதானே என்பீர்கள். போகலாம், திரும்பி வரமுடியாது. காகிதம் இல்லாமல் வெளியேறினால் பெயர் கறுப்புப் பட்டியலில் ஏறும். அவன் அனுப்புவதில்தான் அங்கே அடுப்பெரிகிறது. அதனால் போகாமல் இருந்தான்.

சோதனைக்கு ஆள் வரும்போது அவனைக் காப்பாற்ற கஸ்தூரி ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்தார். பின்கட்டு ஆணியில் இஸ்திரி போட்ட நீலச் சட்டை ஒன்று எப்போதும் தொங்கும். அதன் கீழே ஒரு பை நிறைய ஆரஞ்சு. சோதனை வேனைப் பார்த்து முன்வீட்டிலிருந்து போன் வந்ததும் செல்லப்பன் சட்டையை மாட்டி, பையை மடியில் வைத்துக்கொண்டு, ஏதாவது ஒரு கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவான். அவன் வேலையாள் இல்லை, பெற்றவர்களைப் பார்க்க வந்த பிள்ளை. எங்கள் ஆட்களுக்கெல்லாம் இதில் ஒன்பது வருடப் பயிற்சி.

அந்தப் பிள்ளையிடம் ஐ.சி., அதான் அடையாள அட்டை, கேட்கமாட்டார்களா? கேட்பார்கள். கேட்க வாயெடுப்பதற்குள் கருப்பாயி அழத் தொடங்கிவிடுவாள். “மூணு மாசமா எட்டிப் பாக்கலியே, பாவி! ஆரஞ்சு கொண்டாந்தா ஆச்சா?” என்று அவன் கன்னத்தில் ஓர் அறையும் விழும். ஒரு தடவை வந்த அதிகாரிக்கே பொறுக்கவில்லை. அம்மாவை அடிக்கடி வந்து பார்க்க வேண்டும் என்று செல்லப்பனுக்குக் கால் மணி நேரம் புத்தி சொல்லிவிட்டு, வந்த வேலையை மறந்து போய்விட்டார். இப்படி நான் வந்த பிறகு மட்டும் நான்கு சோதனை கடந்தது. நான்கு தடவையும் நான் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டேன். காட்டிக்கொடுக்கவும் மனசில்லை, ஊரான் பிள்ளையை என் பிள்ளை என்று சொல்லவும் வாய் வரவில்லை.

இந்த வருடத் தொடக்கத்தில்தான் அந்த மசோதாப் பேச்சு வந்தது. காகிதம் இல்லாமல் அத்தியாவசிய வேலை செய்கிறவர்களுக்குச் சட்டப்படி தங்க அனுமதி கொடுக்கப் போகிறார்களாம். எந்தெந்த வேலை அத்தியாவசியம் என்று ஒரு பட்டியல். செம்பனைக் குலை வெட்டுகிறவர்கள் இருந்தார்கள், குப்பை அள்ளுகிறவர்கள் இருந்தார்கள், முதியோரைப் பராமரிக்கிறவர்களும் இருந்தார்கள். சாப்பாட்டுக் கடை இல்லை. “சோறு அத்தியாவசியம் இல்லையாமா?” என்று சம்சாத் பேகம் ஒரு வாரம் பட்டியலைத் திட்டிக்கொண்டிருந்தார்.

சட்டம் ஆவதற்கு முன்னாலேயே முன்பதிவு செய்யச் சொன்னார்கள். கஸ்தூரி விண்ணப்பப் பாரத்தை என் முன்னால் நீட்டினார்.

“கிராணி, இது உங்க வேலை லா. ஒரு எழுத்து தப்பாப் போனா அவன் கதை முடிஞ்சிரும்.”

அது மிகையான பேச்சு இல்லை. பதிவு தள்ளுபடியானால், இத்தனை நாள் யார் கண்ணிலும் படாமல் இருந்தவனின் பெயர், படம், முகவரி எல்லாம் அவர்கள் கையில் இருக்கும். மறுநாளே வேன் வரும், ஆரஞ்சுப் பையெல்லாம் எடுபடாது. இதை நான் செல்லப்பனிடம் விளக்கிச் சொன்னேன். அவன் கருப்பாயியின் துணியை மடித்து முடித்தான். “எழுதுங்க சார். ஒரு தடவை பாப்பாவைப் பாத்துட்டு வந்துரணும்” என்றான்.

நான் சொல்லச் சொல்ல கஸ்தூரி எழுதினார். மூன்று நாளாயிற்று. விண்ணப்பதாரர் உண்மையிலேயே அங்கே வேலை செய்கிறார் என்று முதலாளி தவிர இன்னொருவர் சாட்சி சொல்ல வேண்டும். அவர் இந்த நாட்டுக் குடிமகனாக இருக்க வேண்டும், விண்ணப்பதாரருக்கு எந்த விதத்திலும் உறவாக இருக்கக் கூடாது. அதிகாரி நேரில் வந்து விசாரிப்பார். இவ்வளவுதானே என்று நினைத்தோம். இங்கே பதினான்கு குடிமக்கள் சும்மாதானே கிடக்கிறோம்.

ஆனால் ஒன்பது வருடம் பொய் சொல்லிப் பழகினவர்களை உண்மை சொல்லவைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஒரு வாரம் ஒத்திகை நடந்தது. கஸ்தூரி ஒரு காக்கித் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அதிகாரியாக வருவார். “இவர் யாரு?”

“வேலக்கார புள்ள” என்பாள் கருப்பாயி.

“புள்ளைன்னு சொல்லாதீங்கம்மா! வேலைக்காரர்னு மட்டும் சொல்லுங்க.”

“புள்ளைய புள்ளன்னு சொல்லாம எருமைன்னா சொல்லுவாங்க?”

ஒருவழியாக வெள்ளிக்கிழமைக்குள் எல்லாரும் தேறிவிட்டார்கள். அதிகாரி திங்கட்கிழமை பத்து மணிக்கு வருவதாகக் கடிதம். வந்தது எட்டரை மணிக்கு. அரசாங்கம் சொன்ன நேரத்துக்கு முன்னால் வந்ததை என் ஆயுளில் அந்த ஒரு தடவைதான் பார்த்தேன்.

அப்போது செல்லப்பன் முன்கூடத்தில் எனக்குச் சவரம் செய்துகொண்டிருந்தான். இடது கன்னம் முடிந்து, வலது கன்னத்தில் நுரை அப்பியிருந்தது. வாசலில் வெள்ளை வேன் வந்து நின்றது, கதவில் அரசாங்க முத்திரை. சீருடையும் தலைத்துணியுமாக ஒரு அம்மையார் இறங்கினார்.

முன்வீட்டிலிருந்து போன் அடித்தது. அவ்வளவுதான். ஒத்திகையாவது ஒன்றாவது! கத்தியை என் மடித் துண்டில் வைத்துவிட்டு செல்லப்பன் பின்கட்டுக்கு ஓடினான். அம்மையார் செருப்பைக் கழற்றி உள்ளே வருவதற்குள், நீலச் சட்டையும் ஆரஞ்சுப் பையுமாக, கூடத்திலிருந்து தெரிகிற கருப்பாயியின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அவனைக் குறை சொல்ல முடியாது. கால் தானாக ஓடிற்று.

“அலமாக்!” என்று கஸ்தூரி நெற்றியில் அடித்துக்கொண்டார்.

வந்தவர் பெயர் ரோஸ்னா, மரியாதையாகப் புவான் ரோஸ்னா. நல்ல மாதிரி. மலாயில்தான் பேசினார். படத்தையும் ஆளையும் ஒத்துப் பார்த்து, கருப்பாயியிடம் கேட்டார். “பாட்டி, இவர் யார்?”

கருப்பாயி சீருடையைப் பார்த்தாள். ஓங்கி ஒரு அறை செல்லப்பன் கன்னத்தில் விழுந்தது. “மூணு மாசமா எட்டிப் பாக்கலியே, பாவி!”

அதிகாரி குறித்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்கு வந்தார். “இவர் இங்கே வேலை செய்கிறாரா?”

“வேலையா? எம் மவன் அக்பர் எதுக்கு இங்க வேலை பாக்குறான்? என்னயப் பாக்க வந்திருக்கான்” என்றார் சம்சாத் பேகம். அக்பரின் நெற்றியில் மூன்று கோடு விபூதி பளிச்சென்று இருந்தது.

“அனாக் சாயா” என்றார் லிம், கேட்காமலே. என் பிள்ளை என்று. கூடவே நெஞ்சில் தட்டிக்காட்டினார்.

அதற்கப்புறம் மற்றவர்களும் விட்டுக்கொடுக்கவில்லை. கண் தெரியாதவர்கள்கூட, என்ன நடக்கிறது என்று பக்கத்தில் விசாரித்துவிட்டு அவனைப் பெற்றெடுத்தார்கள். புவான் ரோஸ்னா எண்ணிப் பார்த்தார். எட்டு அம்மா, ஐந்து அப்பா.

“புவான், இவங்களுக்கெல்லாம் பயம். அவர் இங்க வேலைதான் செய்யிறாரு, நான்தான் சம்பளம் குடுக்கிறேன்” என்று கஸ்தூரி கெஞ்சினார்.

“நீங்கள் முதலாளி. உங்கள் சாட்சி செல்லாது” என்றார் அதிகாரி. “பாரத்தில் உறவு இல்லை என்று இருக்கிறது. இங்கே எல்லாரும் உறவு என்கிறார்கள். நான் காதில் கேட்டதைத்தான் எழுத முடியும். இந்த மசோதா வேலையாட்களுக்கு, குடும்பத்தாருக்கு இல்லை.” பேனாவை மூடிக் கோப்பைக் கக்கத்தில் வைத்தார்.

செல்லப்பன் ஆரஞ்சுப் பையைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். பதிமூன்று வருடம் காத்திருந்து, கடைசியில் அன்பு காட்டியே அவன் கழுத்தை அறுத்துவிட்டார்கள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. வாயைத் திறந்தால் நுரை உள்ளே போனது.

அப்போது அவன் என் பக்கம் திரும்பினான். என்ன தோன்றிற்றோ, பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தான். “சார், சோப்பு காயுது. எரியும்” என்று சொல்லித் துண்டை நனைத்து என் கன்னத்தை ஒற்றினான். புதிதாக நுரை போட்டான். தலை தொங்கிப்போய், காகிதம் போய், பிள்ளையைப் பார்க்கிற நினைப்பும் போய் நிற்கிறவன், என் மோவாயை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கி, வேலையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான்.

வாசல்வரை போன புவான் ரோஸ்னா நின்றுவிட்டார். திரும்பி வந்து பார்த்துக்கொண்டே இருந்தார். நாற்காலி இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தார்.

“மற்ற எல்லாரும் இவருக்கு அம்மா, அப்பா. உங்களை மட்டும் ஏன் சார் என்கிறார்?”

வீடே அமைதியானது. பலகை மாட்டிய நாளிலிருந்து அன்றுதான் முதல் தடவை.

“நான்தான் அப்படிக் கூப்பிடச் சொன்னேன்” என்றேன்.

“ஏன்? நீங்கள் உறவில்லையா?”

அவன் விரல் என் மோவாயில் இருந்தது. மூன்று வருடமாக அந்த விரல்தான் என்னைக் குளிப்பாட்டுகிறது. இவன் என் மகன் என்று சொல்லிவிட வேண்டும் போல இருந்தது. நான்கு சோதனையிலும் வராத சொல், அன்றைக்குத் தொண்டை வரைக்கும் வந்து நின்றது. சொல்லக் கூடாத ஒரே நாளில் வந்து நின்றது.

“இல்லை” என்றேன். “எனக்கு எந்த உறவும் இல்லை.”

“தூரத்து உறவு? வளர்ப்பு மகன்?”

“எனக்கு மகன் இருக்கான், சிங்கப்பூர்ல. இவன் இந்த வீட்டு வேலையாள். ஆறு மணிக்கு வேலை தொடங்கும். முதலில் லிம், அவருக்கு ரெண்டு வாளி வெந்நீர். அப்புறம் அந்த அம்மாவுக்குப் புண் கழுவி மருந்து. எட்டு மணிக்குச் சவரம்...” பெரட்டில் பெயர் கூப்பிடுகிற குரல் எனக்குத் திரும்பி வந்துவிட்டது. பதினான்கு பேருக்கும் அவன் செய்கிறதை வரிசைப்படி ஒன்று விடாமல் சொன்னேன். அந்த அம்மையார் கை வலிக்க எழுதினார்.

“படுபாவி கிராணி!” என்று கருப்பாயி தன் கட்டிலிலிருந்து கத்தினாள். “நல்லா இருப்பியா நீ! எம் புள்ளய வேலக்காரன்னு சொல்றியே! பேரு வெட்டின புத்தி இன்னும் போகலியே!”

உறவில்லாத ஒரு சாட்சி போதும் என்று புவான் ரோஸ்னா கோப்பை என் முன்னால் வைத்தார். இடது கையால் கையெழுத்துப் போட்டேன், கோழி கிளறிய மாதிரி. பக்கத்தில் ‘உறவு’ என்று ஒரு கட்டம். அதை நானே என் கையால் நிரப்ப வேண்டுமாம். ‘இல்லை’ என்று எழுதினேன். அதை எழுதி முடிக்க வெகு நேரமாயிற்று.

பதிவு ஏற்கப்பட்டது என்று ஒரு சீட்டுக் கிடைத்தது. இது பெர்மிட் இல்லை, வெறும் சீட்டு என்று அதிலேயே கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. ஆனாலும் செல்லப்பன் அதற்குப் பிளாஸ்டிக் உறை போட்டுக்கொண்டான். என்னிடம் வந்து கைகட்டி நின்று, “ரொம்ப நன்றிங்க சார்” என்றான். அந்த ‘சார்’ எனக்குச் சுருக்கென்றது. சாயங்காலம் கஸ்தூரி ஆரஞ்சையெல்லாம் உரித்து எல்லாருக்கும் கொடுத்தார். சம்சாத் பேகம் மட்டும் நான்கை எடுத்துப் பையிலேயே திருப்பிப் போட்டுவிட்டார். சட்டம் வரட்டும், அப்புறம் தின்றுகொள்ளலாம் என்றார். கருப்பாயி என்னுடைய பங்கையும் வாங்கித் தின்றாள்.

மசோதா இன்னும் பேச்சில்தான் இருக்கிறது. அது முடிகிற வரைக்கும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை புவான் ரோஸ்னா வந்து விசாரிப்பாராம். சாட்சிக்கும் விண்ணப்பதாரருக்கும் நடுவில் புதிதாக எந்த உறவும் முளைத்திருக்கக் கூடாதாம். கடிதத்தில் தெளிவாக எழுதியிருக்கிறார்கள்.

நேற்றுக் காலையில் சவரத்தின்போது ஷாமளா போனில் முகம் காட்டினாள். கன்னத்தில் நுரையோடு நானும் அதில் தெரிந்திருக்கிறேன்.

“யாருப்பா அது? தாத்தாவா?”

“இல்லம்மா. இவங்க சார்” என்றான் செல்லப்பன்.

நான் வாயைத் திறந்தேன். “பேசாதீங்க சார், வெட்டிரும்” என்றான். மூடிக்கொண்டேன்.

சட்டம் வந்த அன்றைக்கு, முதல் வேலையாக, என்னை அப்பா என்று கூப்பிடுடா என்று அவனிடம் சொல்ல வேண்டும். அதுவரைக்கும் நான் சார்தான். எனக்கு எழுபத்தெட்டு வயது ஆகிறது. நாடாளுமன்றத்தில் இருக்கிறவர்கள் கொஞ்சம் சீக்கிரம் பேசி முடித்தால் தேவலை.